வெம்ப் பரிசோதனையில் கழுத்துத் தசையின் இறுக்கத்தைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

உட்செவியின் சமநிலை உறுப்பை ஒலியால் தூண்டி, கழுத்துத் தசையில் எழும் மின் அலையை அளக்கும் செர்விகல் வெம்ப் (cVEMP) பரிசோதனையில் வலப்பக்க அலை இடப்பக்க அலையில் பாதிதான் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, வலது உட்செவி பழுதாகிவிட்டது என்று எழுதிவிட முடியாது. பலத்த ஒலியால் சாக்யூல் என்னும் அந்தச் சமநிலை உறுப்பு தூண்டப்பட்டதும், காதின் பின்புறத்திலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும், இறுகியிருக்கும் அதே பக்கத்துக் கழுத்துத் தசை கணநேரம் தளர்வதையே இங்குப் பதிவு செய்கிறோம். தசை எவ்வளவு இறுகியிருக்கிறதோ, அந்த அளவுக்கு அலையும் பெரிதாகும் என்பதை கோல்பாட்ச், ஹல்மாகி, ஸ்கூஸ் ஆகியோர் 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே காட்டிவிட்டனர்.

படி 1: நடுச்செவியில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தசையின் மேற்பாதியில் ஒரு எலெக்ட்ரோடையும், மார்பெலும்பின் மேல்முனையில் மற்றொன்றையும், நெற்றியில் கிரவுண்டையும் ஒட்டுங்கள். மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

படி 2: வலது காதைச் சோதிக்கும்போது, படுத்திருப்பவர் தலையைத் தூக்கி, முகத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். பெங்களூருவில் அல்சூரிலிருந்தோ சிவாஜி நகரிலிருந்தோ வரும் முதிய தமிழர்களிடம் இதை ஆங்கிலத்தில் சொன்னால், பலர் தலையைத் திருப்புவார்களே தவிரத் தூக்க மாட்டார்கள். "பாட்டி, தலையணையில படாம தலையைக் கொஞ்சம் தூக்கி, இடது பக்கம் பாருங்க" என்று சொல்லி, இறுக்கத்தின் அளவைத் திரையில் அவர்களே பார்க்கும்படி வையுங்கள். இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஓய்வு கொடுப்பது அவசியம்.

படி 3: புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. ஒலி எழுவதற்கு முந்தைய 20 மில்லிசெகண்டில் உள்ள தசையின் மின் சமிக்ஞையை, ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியாக நேர்க்குறியாக்கி (எதிர்க்குறி மதிப்புகளையும் நேர்க்குறியாக மாற்றி), அதன் பிறகே சராசரி எடுக்க வேண்டும். முதலில் சராசரி எடுத்துவிட்டால், ஒலியோடு தொடர்பில்லாத மேடுபள்ளங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, தசை இறுகவே இல்லை என்பதுபோல் பூஜ்யத்தை ஒட்டிய எண்தான் கிடைக்கும்.

படி 4: ஒலி எழுந்த பின் 13, 23 மில்லிசெகண்டுகளை ஒட்டி வரும் அலையின் இரு முனைகளுக்கு இடைப்பட்ட உயரத்தை, படி 3-இல் கிடைத்த தசைச் சராசரியால் வகுங்கள். இடப்பக்க அலை 180 மைக்ரோவோல்ட், தசைச் சராசரி 120. வலப்பக்க அலை 90, தசை 60 என்று வைத்துக்கொள்வோம். இருபக்க வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், திருத்தாத கணக்கில் 33 சதவீத ஏற்றத்தாழ்வு தெரிகிறது. திருத்திய பின்னரோ இரண்டு பக்கமும் 1.5 என்று சமமாகிவிடுகின்றன. வலப்பக்கத் தசை 115 ஆக இருந்திருந்தால், திருத்திய பிறகும் ஏறத்தாழ 31 சதவீதம் எஞ்சும். அப்போது உட்செவியைச் சந்தேகிக்கலாம்.

தசை மிகவும் தளர்ந்திருந்து அலையே எழாத பதிவை எந்த வகுத்தலும் காப்பாற்றாது. அதை மீண்டும் எடுப்பதே நேர்மை. மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வகுக்கும் எண்ணை ஊதிப் பெரிதாக்கும். அதை, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச் ஃபில்டரால் வெட்டினால், அலையின் வடிவமும் சேர்ந்து கெடும் என்பதால், எலெக்ட்ரோடு, கிரவுண்டு இணைப்புகளையே முதலில் சரிபாருங்கள். அறிக்கையில் திருத்திய விகிதத்தோடு, இரு பக்கத்து மூல மைக்ரோவோல்ட் அளவுகளையும் தசை அளவுகளையும் சேர்த்தே எழுதுங்கள்.