கொப்பரைக் களத்துத் தண்ணீரில் வினிகர்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் கொப்பரைக்குத் தேங்காய் உடைக்கும்போது வடிகிற தண்ணீர் பெரும்பாலும் மண்ணுக்குத்தான் போகிறது. எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் மீன் ஊறுகாய்க்கு 'விநாகிரி' இல்லாமல் ஆகாது. அந்த வினிகரை இந்தத் தண்ணீரிலேயே எடுக்கலாம்.

வேலை இரண்டு நுண்ணுயிர்களுடையது. சர்க்கரையைச் சாராயமாக்குவது ஈஸ்ட்; அதற்குக் காற்று ஆகாது. சாராயத்தைப் புளிப்பாக்குவது அசிட்டோபாக்டர்; அதற்குக் காற்று இல்லாவிட்டால் ஆகாது. இரண்டையும் ஒரே டிரம்மில் ஒன்றாக விட்டால் சரக்கு கெடும்.

உடைத்த இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள். தாமதித்தால் அதுவாகவே புளிக்கத் தொடங்கும். முற்றிய தேங்காய்த் தண்ணீரின் பிரிக்ஸ் (எடையில் சர்க்கரைச் சதவீதம்) 4, 5தான். அதை அப்படியே புளிக்க வைத்தால் வினிகர் நீர்த்துப் போகும். 100 லிட்டருக்கு எட்டரை கிலோ சர்க்கரை கரைத்தால் பிரிக்ஸ் 12 வரும். பத்து நிமிடம் கொதிக்க வைத்து, 32 டிகிரிக்கு ஆறவிடுங்கள். சூட்டோடு ஈஸ்ட் போட்டால் செத்துவிடும். உலர் ஈஸ்ட் 150 கிராமை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்துச் சேர்த்து, வாயு வெளியேற மட்டும் வழிவிட்டு மூடுங்கள். ஐந்தாறு நாளில் குமிழி அடங்கும். முடிந்ததா என்று அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். சாராயம் கலந்த பிறகு, ஒளிவிலகலை வைத்துக் காட்டும் பிரிக்ஸ் மீட்டர் பொய் சொல்லும். (இந்தக் கட்டத்தில் இருப்பது சாராயம் கலந்த சரக்கு. மதுவிலக்குத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.)

அடிவண்டலை விட்டுத் தெளிவை மட்டும் வாய் அகன்ற வேறு டிரம்முக்கு மாற்றி, ஐந்தில் ஒரு பங்கு சூடாக்காத பழைய வினிகரைத் தாயாக ஊற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தொடக்கத்திலேயே புளிப்பு இருந்தால்தான் வேண்டாத கிருமி அண்டாது. மேலே சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் படிந்தால், பெரும்பாலும் தாய் குறைந்துவிட்டது என்று பொருள். டிரம்மைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஈ நுழையாதபடி துணி கட்டி, கலக்காமல் விடுங்கள். ஒன்றிரண்டு மாதம் ஆகும். அவசரமென்றால், மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கை நிரப்பிய உயரமான கலத்தில் சரக்கை மேலிருந்து தெளித்து, அடியில் காற்றுவிட்டு, பம்பால் சுற்றவிட்டால் சில நாளில் முடியும். ஆனால் மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் பாக்டீரியா திணறும். ஜெனரேட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். நகப்பூச்சு வாடை வந்தாலும் முதலில் காற்றோட்டத்தைத்தான் பாருங்கள்.

புளிப்பை அளக்க, 5 மில்லி வினிகரில் நிறங்காட்டியான பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.5 நார்மல் செறிவுள்ள காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை செலவான மில்லியை 0.6ஆல் பெருக்கினால் புளிப்புச் சதவீதம். 7 மில்லி என்றால் 4.2. சட்டப்படி 3.75க்குக் குறையக்கூடாது.

சாராயம் முழுக்கத் தீரும்வரை காத்திருக்காதீர்கள். தீர்ந்தால் அசிட்டோபாக்டர் தான் செய்த புளிப்பையே தின்னத் தொடங்கும். அடுத்த தவணைக்குத் தாயை எடுத்துவைத்துவிட்டு, மீதியை 65 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கிக் கண்ணாடி பாட்டிலில் அடையுங்கள். இரும்பும் அலுமினியமும் எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.