டீசலா, பெட்ரோலா, ஹைபிரிட்டா? பினாங்கில் கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

எந்த எரிபொருள் என்பதை முடிவு செய்யாமல் விற்பனைக் கூடத்துக்குள் நுழைபவர், பெரும்பாலும் அன்று அங்கே எந்தக் கார் இருப்பில் இருக்கிறதோ அதற்கே முன்பணம் கட்டிவிட்டு வெளியே வருவார். அந்த முடிவை வீட்டு மேசையிலேயே எடுத்துவிடலாம். அண்மையில் எங்கள் குடும்பத்துக்குக் கார் வாங்க நேர்ந்தபோது நான் பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன். காப்புறுதி, என்சிடி (காப்புறுதி கோராதவருக்குக் கிடைக்கும் கழிவு) போன்றவற்றை விளக்கப் போவதில்லை. அவை தெரிந்த ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார்.

படி 1: உங்கள் சாலை எப்படிப்பட்டது என்று எழுதுங்கள்

ஒரு மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பதோடு, அதில் எவ்வளவு தூரம் ஊர்ந்து போகிறீர்கள், எவ்வளவு தூரம் சீராக ஓடுகிறீர்கள் என்பதையும் பிரித்து எழுத வேண்டும். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து காலையில் பினாங்கின் முதல் பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறவரும், வாரந்தோறும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போய் வருகிறவரும் மாதத்துக்கு ஒரே தூரம் ஓடலாம். ஆனால் இருவருக்கும் ஒரே கார் பொருந்தாது. பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் தன் திறமையைக் காட்டுவது நெரிசலில்தான்: பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்கலத்தில் சேர்த்து, அடுத்த நகர்வுக்கு அதையே செலவிடுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் பிரேக்கைத் தொடாமல் ஓடும்போது சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அந்த ஆதாயம் சுருங்கிவிடும்.

படி 2: இப்போதைய கார் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். விளம்பரத் தாளில் உள்ள எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. என்இடிசி என்ற பழைய ஐரோப்பிய சோதனை முறையில் எடுத்த எண்ணாக இருந்தால் நம் சாலையில் அது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். காரின் திரையில் தெரியும் சராசரியும் பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே காட்டும்.

நம்மவர்களுக்கு ஐம்பது ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு கிளம்பும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு இந்த அளவை எடுக்கவே முடியாது, ஏனென்றால் தொட்டியில் ஏற்கனவே எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. தொட்டியை நிரப்புங்கள், குழாய் முதல் முறை 'டக்' என்று தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, பயணத்தூர மீட்டரைப் பூச்சியமாக்குங்கள். அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் என்று அழுத்தி ஊற்றுவதால் அளவு குழம்பும். பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் கரிப்பெட்டியும் நனைந்து கெட்டுப்போகலாம். தொட்டி முக்கால்வாசி காலியாகும்வரை வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், மறுபடியும் முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்கினால், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற எண் கிடைக்கும். மூன்று தொட்டிகளின் சராசரி போதும். இதற்கென்று கைப்பேசிச் செயலிகள் பல இருக்கின்றன. நான் காரின் முன்பக்கப் பெட்டியில் ஒரு 555 புத்தகத்தையும் (சிறு குறிப்பேடு) பேனாவையும்தான் வைத்திருக்கிறேன். பம்பின் அருகில் நிற்கும்போது கைப்பேசியை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது கூடுதல் நன்மை.

படி 3: விலை வித்தியாசம் எத்தனை ஆண்டில் திரும்பும்

2025 செப்டம்பர் 30 அன்று புடி95 என்ற பெட்ரோல் உதவித்தொகைத் திட்டம் எல்லாருக்கும் தொடங்கியபோது, தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட், மாத வரம்பு 300 லிட்டர். உதவித்தொகை இல்லாத விலை அப்போது 2.60 ரிங்கிட். இந்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கணக்குப் போடும் வாரத்தின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர், ஹைபிரிட் 4.5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மாதத்தில் மிச்சமாவது 37.5 லிட்டர், அதாவது ஏறக்குறைய 75 ரிங்கிட். ஆண்டுக்கு 900 ரிங்கிட்கூட முழுதாக வராது. ஹைபிரிட் 15,000 ரிங்கிட் கூடுதலாக இருந்தால் அந்தப் பணம் திரும்ப 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த 15,000 ரிங்கிட்டையும் ஒன்பது ஆண்டுக் கடனில், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலை வட்டியில் (முழுக் கடன்தொகைக்கும் ஆண்டுதோறும் கணக்கிடும் வட்டி) எடுத்தால் வட்டி மட்டும் 4,050 ரிங்கிட் சேர்ந்து, கணக்கு 21 ஆண்டுகளைத் தாண்டிவிடும். சாலை வரியிலும் ஹைபிரிட்டுக்குத் தனிச் சலுகை கிடையாது. அது இயந்திரத்தின் சிசியைப் பார்த்துத்தான் விதிக்கப்படுகிறது. தீபகற்பத்தில் 1,500 சிசி செடானுக்கு 90 ரிங்கிட், 2,000 சிசி செடானுக்கு 380 ரிங்கிட் வரை. ஆகவே மாதம் 1,500 கிலோமீட்டருக்குள் ஓடுகிறவர்களுக்கு என் பரிந்துரை 1.5 லிட்டருக்கு மேற்படாத சாதாரணப் பெட்ரோல் கார்தான். நெரிசலில் அமைதியாக நகரும் சுகத்துக்காக ஹைபிரிட் வாங்குவதில் தவறில்லை. மிச்சம் பிடிப்பதாக மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

படி 4: டீசல் யாருக்கு

தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அதோடு குடும்பக் காருக்கு டீசல் என்ற வாதத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. பாரம் ஏற்றும் பிக்அப் ஓட்டுகிறவர்களும், நெடுந்தூரம் ஓடுகிறவர்களும் மட்டும் இன்னும் யோசிக்கலாம். புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். அதில் சேர்ந்த கரி எரிந்து தீர ஏறக்குறைய 600 பாகை வெப்பம் வேண்டும். அதற்குக் கார் இடைவிடாமல் சற்று நேரம் ஓட வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து கொம்தார்வரை போய்த் திரும்பும் காருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எரிப்பு பாதியில் நின்றுபோகும்போதெல்லாம் கொஞ்சம் டீசல் இயந்திர எண்ணெயில் கலக்கும். அளவுக்கோலில் எண்ணெய் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் அதுவே அடையாளம்.

படி 5: ஹைபிரிட் என்ற பெயரைச் சோதியுங்கள்

48 வோல்ட் 'மைல்ட் ஹைபிரிட்' வகைகளில் பெரும்பாலானவற்றால் மின்சாரத்தை மட்டும் கொண்டு காரை ஓட்ட முடியாது. சோதனை ஓட்டத்தில், வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாக நகரும்போது இயந்திரம் அணைந்து, மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் காட்டும் 'இவி' விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. 2011 முதல் 2013 வரை ஹைபிரிட் கார்களுக்கு வரி விலக்கு இருந்ததால் அக்காலத்துக் கார்கள் சந்தையில் ஏராளம். அவற்றின் மின்கல உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். பிரியஸ் சி போன்றவற்றில் பின்னிருக்கையின் ஓரத்தில் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுத் துளை இருக்கும். அதன் வலையில் தூசியும் முடியும் திரண்டு கிடந்தால், மின்கலம் நெடுநாள் வெப்பத்தில் வெந்திருக்கிறது என்று கொள்ளலாம். மின்கலத்தைச் சோதித்த அறிக்கையைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் விலை பேசவே வேண்டாம்.

பின்சேர்க்கை: நிரந்தரவாசியான கணவரோ மனைவியோ ஓட்டும் காருக்கு என்ன கணக்கு என்று சிலர் கேட்டிருந்தார்கள். புடி95 சலுகை காருக்கு இல்லை, ஓட்டுநர் உரிமமுள்ள குடிமகனின் மைகாட்டுக்குத்தான் (அடையாள அட்டை). ஆகவே நிரந்தரவாசிகள் உதவித்தொகை இல்லாத விலையை வைத்துக் கணக்கிட வேண்டும். மேலே எடுத்த 2.60 ரிங்கிட்டையே போட்டால், ஆண்டு மிச்சம் 1,170 ரிங்கிட்டாகி, வட்டி சேர்க்காமல் 13 ஆண்டுகளுக்குள் பணம் திரும்பும். ஒரே காரை இரு குடிமக்கள் ஓட்டினால் இருவருக்கும் தனித்தனி வரம்பு உண்டு என்பதால், வரம்பைத் தாண்டிவிடுவோமோ என்ற கவலையில் ஹைபிரிட்டுக்குத் தாவ வேண்டியதில்லை.