பாட்டிலும் தாடியும் போதாது: க்ரைம் சீரிஸ் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப் சீரிஸ் எழுதும் நண்பர்கள் சிலர் படித்துப் பார்க்கச் சொல்லி ஸ்கிரிப்ட் அனுப்புவார்கள். முதல் பக்கம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். விடியற்காலை. செல்போன் அடிக்கிறது. ஒரு வாரத் தாடியோடு சோபாவில் கவிழ்ந்து கிடக்கும் இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் துழாவுகிறார். காலி பாட்டில் உருள்கிறது. சுவரில் மனைவி போட்டோ, அதற்கு மாலை. "வரேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறுகிறார். அதோடு குடி முடிந்தது. அடுத்த எட்டு எபிசோடிலும் அந்தக் குடியால் ஒரு சாட்சி கைநழுவாது, ஒரு தடயம் கெடாது, அவர் ஒருநாள்கூட டூட்டிக்கு லேட்டாக வரமாட்டார்.

பாட்டிலை எடுத்துவிட்டுக் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். வழக்கு அப்படியே ஓடுகிறதா? அப்படியானால் அந்தக் குடி வெறும் மேக்கப். (இனி சில சீரிஸ்களின் முடிவுகளைப் போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.)

பாத்திரத்துக்கு ஒரு குறை என்றால் கதைக்குள் அதற்கு ஒரு பில் வர வேண்டும். 2021இல் ஹெச்பிஓவில் வந்த 'மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்' மொத்தமே 7 எபிசோட். பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர். கேட் வின்ஸ்லெட் அங்கே டிடெக்டிவ். மகன் தற்கொலை செய்துகொண்டான், பேரன் இவரிடம் வளர்கிறான். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த பேரனின் அம்மா பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறாள். பேரனை விட மனசில்லாத மேர், ஸ்டேஷனில் பறிமுதல் செய்து வைத்திருந்த ஹெராயினை எடுத்து அந்தப் பெண்ணின் காரில் வைத்துவிடுகிறார். மேலதிகாரிக்குத் தெரிந்துபோய், பேட்ஜும் துப்பாக்கியும் கையைவிட்டுப் போகின்றன. விசாரணையை விட முடியாமல் அரைகுறையாகத் தொடர்கிறார். ஐந்தாவது எபிசோடில், பெண்களைக் கடத்தி அடைத்து வைத்திருப்பவனின் வீட்டுக்குள் போகும்போது அவர் கையில் துப்பாக்கி கிடையாது. கூட வந்த இளம் டிடெக்டிவ் உயிரோடு திரும்புவதில்லை. பேரன்மேல் வைத்த பாசத்தில் தொடங்கியது அங்கே வந்து நிற்கிறது.

குடியைத்தான் எழுதுவேன் என்றால் 'தி வயர்' இரண்டாவது சீசனில் டிடெக்டிவ் மக்நல்ட்டி கார் ஓட்டும் காட்சியைப் பாருங்கள். போதையில் திருப்பத்தில் தூணில் இடித்துவிடுகிறார். இறங்குகிறார். எந்தக் கோணத்தில் திருப்பியிருக்க வேண்டும் என்று கையால் கணக்குப் போடுகிறார். திரும்ப ஏறி, பின்னால் போய், மறுபடி வந்து இடிக்கிறார். வசனமே தேவைப்படவில்லை. தப்பு தன்மேல் இல்லை என்று நிரூபிக்க இரண்டாவது முறையும் முட்டிக்கொள்கிற ஆள் அவர் என்பது தெரிந்துவிடுகிறது. கடைசி சீசனில் விசாரணைக்குப் பணம் வர வேண்டும் என்பதற்காக இல்லாத ஒரு சீரியல் கொலைகாரனைக் கிளப்பிவிடுவதும் இதே ஆள்தான். அதைப் பார்த்து நிஜமாகவே ஒருவன் கொலை செய்யத் தொடங்குகிறான். மக்நல்ட்டியின் போலீஸ் வேலையும் அதோடு முடிகிறது. திறமைசாலி என்பதற்காக யாரும் அவரை மன்னித்துவிடுவதில்லை. நம் ஆட்கள் இதில்தான் அடிக்கடி சறுக்குகிறார்கள். "ஆனா வேலைல புலி சார்" என்று கமிஷனர் சொன்னதும் எல்லாப் பாவமும் கழுவப்பட்டுவிடுகிறது.

அடுத்தது ஃப்ளாஷ்பேக் வியாதி. பாத்திரம் ஏன் இப்படி ஆனது என்று இருபது நிமிடம் விளக்காவிட்டால் பார்ப்பவருக்குப் புரியாது என்று ஒரு பயம். சாலி வெய்ன்ரைட் எழுதி 2014இல் பிபிசியில் தொடங்கிய 'ஹேப்பி வேலி'யின் முதல் காட்சியைப் பாருங்கள். விளையாட்டுத் திடலில் போதையில் ஒரு பையன், உடம்பெல்லாம் பெட்ரோல், கையில் லைட்டர். சார்ஜென்ட் கேத்தரின் வருகிறார். வழியில் கடையில் நுழைந்து தீயணைப்பான் இருக்கிறதா என்று கேட்கிறார், கூடவே ஒரு கூலிங்கிளாஸையும் எடுத்துக்கொள்கிறார்: அவன் எரிந்தால் தன் புருவம் கருகக் கூடாதாம். பிறகு அவனிடம் பேச்சுக் கொடுக்கத் தன்னைப் பற்றிச் சொல்கிறார். வயது 47, விவாகரத்தானவள், ஹெராயினிலிருந்து மீண்டு வரும் தங்கையோடு இருக்கிறேன், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு, ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று பேசுவதில்லை, ஒரு பேரன் இருக்கிறான். அவ்வளவுதான். கடைக்காரரிடம் சில்லறை கேட்கிற குரலில் சொல்கிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அந்தக் குரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் மொத்தம் 18 எபிசோடும் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பேரன் யாருக்குப் பிறந்தவன் என்பதை முதல் காட்சியிலேயே மழையும் வயலினுமாகக் காட்டியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

அதே சீரிஸில் கெவின் என்று ஒரு கணக்காளர். சம்பள உயர்வு கேட்டு முதலாளி மறுத்த எரிச்சலில், முதலாளி மகளைக் கடத்தலாம் என்ற யோசனையை வேறொருவன் காதில் போடுகிறார். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அதுதான் அவர் கவலை. குறையையெல்லாம் ஹீரோ, வில்லன் இரண்டு பேருக்கே பங்கு வைத்துவிட்டு மற்றவர்களைப் பொம்மையாக விட்டுவிடுகிறவர்கள் இந்தக் கெவினைப் பத்து தடவை பார்க்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், நியாயம் கற்பிப்பது. கெட்டது செய்கிறான் என்றால் உடனே தங்கச்சி கல்யாணம், அம்மா ஆபரேஷன், கந்துவட்டிக்காரன் வாசலில். 2008இல் தொடங்கிய 'பிரேக்கிங் பேட்' அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஐம்பது வயது கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்ட்டர் ஒயிட். நுரையீரல் புற்றுநோய், கர்ப்பிணி மனைவி, பள்ளிக்கூடம் விட்டதும் கார் கழுவும் இடத்தில் இரண்டாவது வேலை. மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சப் போகிறார். நம் ஸ்கிரிப்ட் என்றால் கடைசிவரை இந்த அழுகையை வைத்தே ஓட்டியிருப்போம். சீரிஸை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் குழு ஐந்தாவது எபிசோடிலேயே அந்தச் சாக்கைப் பிடுங்கிவிடுகிறது. அவரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கி, அவர் விலகிய பிறகு கோடீஸ்வரர்களான பழைய நண்பர்கள் சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்கிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்கிறார். பணப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கலாம்; அதற்குமேல் நடப்பதெல்லாம் அந்த மனிதரின் கௌரவம். 62ஆவது எபிசோடில், கடைசியாக, மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார்: எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது.

(அந்த மனைவி ஸ்கைலராக நடித்த அன்னா கன், தன் பாத்திரத்தின்மேல் ரசிகர்கள் கொட்டிய வெறுப்பைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. புருஷன் விஷம் காய்ச்சுகிறான், கேள்வி கேட்கிறவள் கெட்டவள். இது வெறும் ரசிகர் பிரச்சினை என்று எழுதுகிறவர் தப்பித்துக்கொள்ள முடியுமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.)

பாத்திரத்தை மக்கள் வெறுத்துவிடுவார்களோ என்று பயந்து கடைசி நேரத்தில் மழுப்புவதும் உண்டு. 1999இல் 'தி சோப்ரானோஸ்' ஐந்தாவது எபிசோடில் மாஃபியா தலைவன் டோனி மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போகிறான். வழியில் கும்பலைக் காட்டிக்கொடுத்த பழைய ஆளைப் பார்த்து, தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பார்வையாளர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று சேனல் தரப்பு தயங்கியது. கொல்லாமல் விட்டால்தான் டோனியை யாரும் நம்பமாட்டார்கள் என்று சீரிஸை உருவாக்கிய டேவிட் சேஸ் பிடிவாதமாக நின்றார். சீரிஸ் 86 எபிசோட் ஓடியது.

கடைசியாக, நம்மூரில் ரொம்பவே பழகிப்போன தவறு. லாக்கப் அடியையும் என்கவுன்டரையும் "கொஞ்சம் முரட்டு ஆள்" என்ற குறையாகக் காட்டி, பின்னணி இசையில் கைதட்டல் வாங்கிவிடுவது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் ராம்பார்ட் ஊழலைப் பார்த்து உருவான 'தி ஷீல்ட்' (2002–2008) இதே விஷயத்தை எப்படிக் கையாள்கிறது பாருங்கள். விக் மேக்கி முதல் எபிசோட் முடிவில், தன்னை உளவு பார்க்க வந்த சக போலீஸ்காரரை முகத்தில் சுடுகிறான். ஏழு சீசனும் அந்த ஒரு தோட்டாவை மறைக்கத்தான் ஓடுகிறது. கடைசியில் தண்டனையிலிருந்து முழு விலக்கு என்று மத்திய ஏஜென்ஸியிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வாக்குமூலம் கொடுக்க உட்காருகிறான். வெகுநேரம் பேச்சே இல்லை. இந்த ரெக்கார்டரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கிறான். அப்புறம் அந்த முதல் கொலையிலிருந்து ஆரம்பிக்கிறான்.

ஜெயில் இல்லை, தூக்கு இல்லை. கோட்டும் டையும் மாட்டி ஒரு தடுப்புக்குள் உட்கார வைத்துத் தினமும் ரிப்போர்ட் எழுதச் சொல்கிறார்கள். சாயங்காலம் எல்லோரும் போய்விடுகிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள். வெளியே சைரன். எழுந்து ஜன்னலுக்குப் போகிறான், கீழே பார்க்கிறான். திரும்பி வந்து துப்பாக்கியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடக்கிறான்.