மறுமணத்துக்கு மட்டக்களப்பு போகிறவர்களுக்கு

ஊரில் இரண்டாவது கல்யாணம் என்றால் கூறைச்சேலைக்கு முன்னர் விவாகரத்துக் கடதாசியைச் சரிபாருங்கள். லண்டனிலிருந்து என் தம்பி கொண்டு வந்தது நிபந்தனைக் கட்டளை (conditional order). 2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் விண்ணப்பிப்பவர்களுக்கு முதலில் கிடைப்பது அதுதான். அதன்பின் 6 வாரமும் ஒரு நாளும் கழிய வேண்டும், இறுதிக் கட்டளைக்குத் திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. அதுவரை அவன் பழைய மனைவியின் கணவன்தான். கனடாவில் விவாகரத்துச் செல்லுபடியாவது தீர்ப்புக்குப் பின் 31ஆம் நாள், அவுஸ்திரேலியாவில் ஒரு மாதமும் ஒரு நாளும். இலங்கையில் வழக்குப் போட்டவர்களும் தப்பமுடியாது: மாவட்ட நீதிமன்றம் முதலில் தருவது டிக்ரி நைசை (decree nisi) என்ற இடைக்காலத் தீர்ப்பு. அது இறுதித் தீர்ப்பாக மாறக் குறைந்தது 3 மாதமாகும்.

விவாகப் பதிவாளர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்ச வழக்கு இல்லையே தம்பி" என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் பெரியம்மாவில்.

கல்லடியில் மண்டபம் எடுத்தாயிற்று, பெண் வீட்டார் சீதன வீட்டுக்குப் பெயின்ற்கூட அடித்துவிட்டார்கள். "பதிவு கிடக்கட்டும் மனே. மாமாங்கக் கோயில்ல தாலியக் கட்டுவம், பதிவைப் பிறகு பாப்பம்." பெரியம்மா சொன்னது தம்பிக்கு, பார்த்தது என்னை.

இந்த யோசனையை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். முறைப்படி சடங்கோடு நடந்த கல்யாணத்தைப் பதிவில்லாமலே இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆகவே கோயிலில் கட்டினாலும் கல்யாணம் கல்யாணம்தான். ஆனால் முதல் விவாகம் கலையாமல் செய்தால் அது 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி செல்லாது. தண்டனைச் சட்டக்கோவையில் இருதார மணத்துக்கு 7 வருடம் வரை சிறை. முந்திய கல்யாணத்தைப் பெண்ணிடம் மறைத்திருந்தால் 10 வருடம் வரை. தெரிந்துகொண்டே முன்னின்று நடத்திய பெரியவர்களும் உடந்தையாக மாட்டலாம். விவாக அறிவித்தலில் 'விவாகமாகாதவர்' என்று எழுதிவிடு என்பார்கள், அதுவும் குற்றம். செல்லாத கல்யாணத்தைக் காட்டித் துணைவர் விசாவும் எடுக்க முடியாது. மாட்டிக்கொள்வது அந்தப் பெண்பிள்ளை.

இஸ்லாத்துக்குச் சமயம் மாறினால் சரியாகிவிடும் என்றார் மச்சான் ஒருவர். 1960களில் அப்படியொரு தீர்ப்பு இருந்தது உண்மை. 1990களின் கடைசியில் உயர் நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. மச்சானுக்கு அது இன்னும் எட்டவில்லை.

அப்புறம் பெரியம்மா கடைசி ஆயுதத்தை எடுத்தா: "சண்டைக்குள்ளயும் சுனாமிக்குள்ளயும் இந்த வளவப் பாத்தது ஆரு? நாலு நாளைக்கு வந்து சட்டம் கதைக்கிறியள்." அம்மாவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதும் அவதான். நான் அப்போது லண்டனில் குளிர்சட்டை வாங்கிக்கொண்டிருந்திருப்பேன். அவவின் முகத்தைப் பார்த்து மறுக்க வாய் வராது. வாய் வராததால்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். மறுங்கள்.

இறுதிக் கட்டளையின் நீதிமன்ற முத்திரையிட்ட பிரதி கையில் கிடைக்கும்வரை ஐயரிடம் நாள் கேட்காதீர்கள், ரிக்கற் எடுக்காதீர்கள். வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பெண்ணிடமே நேரே சொல்லுங்கள். தரகர் சொல்லியிருப்பார் என்று நம்பவேண்டாம். மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணத்தை மறந்துவிடுங்கள். எங்களுக்குச் சமையல்காரர் மட்டும் பாதியைத் திருப்பித் தந்தார், அதுவும் பெரியம்மா போய்க் கேட்டதால்.