வாசலுக்குத் தரை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேட்டிலிருந்து போர்ச் வரை புதிதாகத் தரை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போகும் இடம் டைல்ஸ் கடை. இல்லையென்றால் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) யாராவது புதிதாகப் போட்டிருந்தால் அதைப் பார்த்துவிட்டு வருவார்கள். நிறம் பிடித்துவிட்டால் முடிவும் ஆகிவிடும். நம் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் மாதிரி ஊரில் இந்த வரிசையே தவறு. கீழே என்ன மண் இருக்கிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிமெண்டா, ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் இண்டர்லாக் கல்லா, டைல்ஸா என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மெத்தென்ற களிமண்தான் நம் பக்கத்து நிலம். சில இடங்களில் செடிகொடிகள் மக்கி உண்டான கரிமண்ணும் உண்டு. 1885இல் கட்டிய தண்ணீர்க் கோபுரம் இன்றைக்கும் சாய்ந்தே நிற்பதற்குக் காரணம் இந்த மண்தான். இப்படிப்பட்ட நிலத்தில் தாமான் வீடுகளைப் பொதுவாகப் பைலிங் அடித்து, அதாவது ஆழமாகத் தூண்களை இறக்கித்தான் கட்டுகிறார்கள். வீட்டு முன்தரைக்கு அது கிடையாது. கொட்டி நிரப்பிய மண்மேல் அது உட்கார்ந்திருக்கிறது. அதனால் வீடு அப்படியே நிற்க, முன்தரை மட்டும் இறங்கும். சில வருடங்களில் வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே விரிசல் விடும், கேட் தட்டும், அடியில் போகும் குழாயும் உடையலாம். "சிமெண்டு சரியில்லை" என்று சொல்லிவிட்டு, இறங்கிய தரைமேலேயே இன்னொரு அடுக்கு சிமெண்டு கொட்டி மட்டம் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. புதிய அடுக்கின் எடையும் சேர்ந்து மண்ணை அழுத்தும். தரை மறுபடியும் இறங்கும்.

அதனால் இறங்கும் மண்ணில் இண்டர்லாக் கல் போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இறங்கிய இடத்தில் மட்டும் கல்லைப் பெயர்த்து, கீழே நிரப்பி, கெட்டித்து, அதே கல்லைத் திரும்பப் பதித்துவிடலாம். கார் நிற்கும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல் போதும், லாரி ஏறும் என்றால் 80 வேண்டும். ஓரத்தில் கெர்ப் கல் வைத்துக் கட்டாமல் விடுவதுதான் இதில் செய்யும் தவறு. ஓரம் பிடிப்பில்லாவிட்டால் டயர் திரும்பத் திரும்பக் கற்கள் வெளியே நகர்ந்து இடைவெளி விழும், அந்த இடைவெளியில் புல் முளைக்கும். பக்கத்து ஊர்களான பீடோர், தாப்பா பக்கம் கெட்டியான செம்மண் மேட்டில் வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்கள் தைரியமாகக் கான்கிரீட் போடலாம்.

எதைப் போட்டாலும் அடித்தளத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். புல்லும் வேரும் கலந்த கறுப்பு மேல்மண்ணை வாரி எடுத்துவிட்டு, கிரஷர் ரன் கல்லை (பொடியும் ஜல்லியும் கலந்த உடைகல்லை) 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பேக்டர் வைத்து இறுக்க வேண்டும். மண் ரொம்ப மெத்தென்று இருந்தால் இதற்கு மேலும் தேவைப்படும். வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத பகுதி என்பதால் குத்தகையாளர்கள் கை வைப்பதும் இங்கேதான். கிரஷர் ரன் கொட்டும் நாளில் வீட்டில் ஒருவர் கட்டாயம் இருங்கள்.

கான்கிரீட் என்று முடிவு செய்தால் கனத்தை வண்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். சாதாரணக் காருக்கு 100 மில்லிமீட்டர் போதும். ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களும் செம்பனைக்குலை ஏற்றும் சிறிய லாரியை வீட்டுக்கு ஓட்டி வருபவர்களும் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு 125 முதல் 150 வரை வேண்டும். பி.ஆர்.சி. கம்பி வலையைத் தரையில் விரித்து அதன்மேல் அப்படியே கொட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் வலையால் பயனில்லை, அது துருப்பிடிக்கத்தான் செய்யும். சிறிய சிமெண்டுக் கட்டைகளை அடியில் கொடுத்து வலையைக் கனத்தின் நடுப்பகுதிக்கோ அதற்குச் சற்று மேலேயோ தூக்க வேண்டும். சுமார் 3 மீட்டருக்கு ஒரு இணைப்புக் கோட்டை, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கும். கோடு இல்லாவிட்டால் அது விரும்பிய இடத்தில் வெடிக்கும். வீட்டுச் சுவர் ஓரத்திலும் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தரை இறங்கும்போது சுவரையும் சேர்த்து இழுக்கும்.

லாரியில் வரும் கலவை கெட்டியாக இருக்கிறதே என்று வேலையாட்கள் ரப்பர் குழாயைத் திருப்பித் தண்ணீர் சேர்க்க விடாதீர்கள். பரப்புவது சுலபமாகும், பலம் போய்விடும். போட்ட பிறகு ஏழு நாளாவது ஈரம் காயாமல் சாக்கோ பிளாஸ்டிக்கோ போட்டு மூட வேண்டும். அதுவரை காரை ஏற்றக் கூடாது. முழுப் பலம் வர 28 நாள் என்பது கணக்கு. தீபாவளிக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று அக்டோபரில் அவசரப்படுவதும் வேண்டாம். அந்த மாதத்தில் பிற்பகல் மழை அடிக்கடி வரும். புதிதாகப் போட்ட தரைமேல் பெருமழை அடித்தால் மேல்பாகத்து சிமெண்டு கரைந்துபோகும், பிறகு பெருக்கும்போதெல்லாம் தூசி வரும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். அதாவது ஐந்து மீட்டர் நீளத் தரையில் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 50 முதல் 100 மில்லிமீட்டர் வித்தியாசம். சரிவு லோங்காங்கை (கழிவுநீர், மழைநீர்க் கால்வாயை) நோக்கித்தான் இருக்க வேண்டும், வீட்டை நோக்கி அல்ல. பழைய தரைமேல் புதிய டைல்ஸ் ஒட்டும்போது மட்டம் உயர்ந்து, அடுத்த பெருமழையில் தண்ணீர் ஹாலுக்குள் வந்த வீடுகள் உண்டு. வேலை தொடங்குமுன் நூல் கட்டி மட்டம் காட்டச் சொல்லுங்கள்.

லோங்காங்கை சிமெண்டு பலகையால் நிரந்தரமாக மூடிவிடுவதும் தவறுதான். குப்பை அடைத்தால் திறந்து பார்க்க வழியிருக்காது. தெருவோரக் கால்வாயை மூட ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும், அது 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் இருக்கிறது. தூக்கி எடுக்கக்கூடிய இரும்பு கிரேட்டிங் போதும். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

டைல்ஸ் ஆசை பலருக்கும் இருக்கிறது. போடுவதானால் பளபளப்பான ஹால் டைல்ஸை வெளியே கொண்டுவராதீர்கள். மழை விட்டதும் பூப்பறிக்கப் போகும் பாட்டிக்கு அது நேரடி ஆபத்து. வழுக்காத் தன்மை ஆர்11 என்று குறித்த சொரசொரப்பான வகையைக் கேளுங்கள். அடியில் பசை முழுதாகப் பரவாமல் நாலு மூலையில் மட்டும் வைத்து ஒட்டினால், வெற்றிடத்தின்மேல் டயர் ஏறியதும் டைல்ஸ் உடையும். இறங்கும் மண்ணில் டைல்ஸையே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தார் என்றால் ஒரே எச்சரிக்கை: சாலை வேலையில் மிச்சமான பிரிமிக்ஸை (தாரும் கல்லும் சூடாகக் கலந்த கலவையை) மலிவாகத் தருகிறோம் என்று வாசலுக்கு வரும் லாரியை நம்பாதீர்கள். சூடு ஆறிய கலவை ரோலர் போட்டாலும் இறுகாது. நல்ல தாரிலும் டீசல் சொட்டினால் அந்த இடம் இளகும், வெயில் நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு குழியாகப் பதியும். வீட்டு விசேஷத்துக்குக் கொட்டகை போட்டால் நாற்காலிக் கால்களும் அப்படியே.

இன்னொன்றைக் குத்தகையாளர் யாரும் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாசலில் பொங்கல் வைக்கும் வீடாக இருந்தால் அந்த அடுப்புக்கு இடம் ஒதுக்குங்கள். நெருப்புச் சூட்டில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி மேல்பாகம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், டைல்ஸ் வெடிக்கும், தார் உருகும். கேட் ஓரமாக, கார் ஏறாத மூலையில் மூன்றடிக்கு மூன்றடி மண்தரையாகவே விட்டுவிடலாம். அதற்கு இடமில்லை என்றால் பொங்கலன்று தரைமேல் நாலு விரல் கனத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டுங்கள்.