ஈஸி சேரில் 1200 கிலோமீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாய்ந்து படுத்தபடி ஓட்டும் ரிகம்பென்ட் சைக்கிளை முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “படுத்துக்கிட்டே போயிடலாம் போலிருக்கே?” முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறது, கால் நீட்டிய இடத்தில் பெடல் இருக்கிறது. உட்காரும் இடம் புண்ணாகாது, உள்ளங்கை மரத்துப்போகாது. 1983-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மரின் கழுத்து தலையைத் தாங்க மறுத்துவிட்டது. அந்தக் கோளாறுக்கு இன்றும் அவர் பெயர்தான். சாய்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. சரி, அவ்வளவு சுகமான வண்டிதானே என்று நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். வில்லங்கம் அங்கே தொடங்குகிறது.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸையே எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஔடாக்ஸ் கிளப் பாரிசியேன் நடத்தும் ஓட்டம். 2019, 2023 இரண்டிலும் பாரிசுக்கு அருகிலுள்ள ராம்பூயேவில் தொடங்கி, மேற்குக் கடலோரத்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பினார்கள். மொத்தம் 1200 கி.மீ.க்குச் சற்று மேல். அதிகபட்சம் 90 மணி நேரம். சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். சர்வதேச சைக்கிள் சங்கம் 1934-இலேயே ரிகம்பென்டைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு வீரர் பிரான்சிஸ் ஃபோர் இப்படிப்பட்ட வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. தாண்டி, பழைய சாதனையை முறித்திருந்தார்! பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயம் அல்ல என்பதால் இங்கே அந்தத் தடை கிடையாது. ரிகம்பென்ட், இருவர் சேர்ந்து மிதிக்கும் டேண்டம் போன்ற சிறப்பு வண்டிகளைத் தனி அணியாகவே அனுப்புகிறார்கள்.

தகுதி பெற அதே ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. ஓட்டங்களை முடிக்க வேண்டும். இவற்றைச் சாதாரண சைக்கிளில் முடித்துவிட்டு, பெரிய ஓட்டத்துக்கு மட்டும் ரிகம்பென்டை எடுப்பது முதல் தவறு, என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறும் அதுதான். நெஞ்சும் மூச்சும் பழகியிருக்கும், கால் பழகியிருக்காது. இங்கே இடுப்பின் கோணம் வேறு. பிட்டத் தசையும் தொடையும் வேறு விதமாக உழைக்கின்றன. பழக வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும். 600 கி.மீ. ஓட்டத்தின் இரண்டாம் நாள் காலையில் எது வலிக்கிறது என்பதை அந்த வண்டியிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது ஏற்றம். இந்தப் பாதையில் பெரிய மலை எதுவும் இல்லை. பிரெஸ்டுக்கு முன்னால் வரும் ரோக் ட்ரெவெசெல் பகுதிகூட 400 மீட்டரைத் தொடாது. ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மொத்த ஏற்றம் 11,000 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. மற்றவர்கள் எழுந்து நின்று உடல் எடையை மிதியில் போடலாம், உங்களால் முடியாது. ‘வேகமான வண்டிதானே’ என்று பெரிய கியரை வைத்துக்கொண்டு முக்கி மிதித்தால் சுமை முழுவதும் முழங்காலுக்கு. பின்னால் சாய்மானம் இருப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று தோன்றும், அதுதான் ஆபத்து. நடை வேகத்திலும் கால் லேசாகச் சுழலும் அளவுக்குச் சின்ன கியர் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் இரண்டு சக்கர ரிகம்பென்ட் தள்ளாடும். அதையும் முன்பே பழக வேண்டும். கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போக நினைக்காதீர்கள். இறக்கத்தில் எல்லோரையும் தாண்டுவீர்கள், அடுத்த ஏற்றத்தில் அதே ஆட்கள் உங்களைத் தாண்டுவார்கள். ஆகவே தாண்டும்போது குரல் கொடுத்து, நன்றாக விலகிப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் விமானத்துக்காக வண்டியைக் கழற்றுவார்கள். பெடல் இருக்கும் முன் குழாயை உள்ளே தள்ளும் முன் அதன் நீளத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளாமல் விடுவது சின்னத் தவறாகத் தெரியும். ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் சில நூறு கிலோமீட்டரில் முழங்காலோ குதிகால் தசைநாணோ காட்டிக்கொடுத்துவிடும்.

பாதம் உயரத்திலேயே இருப்பதால் விரல்கள் மரத்துப்போவதும் எரிவதும் இந்த வண்டியின் தனி வியாதி. ஷூ கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், ஷூவைப் பெடலில் பூட்டும் அடிக்கட்டையான கிளீட்டைப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். மூன்று சக்கர வண்டி என்றால் கிளீட் இல்லாமல் போகவே கூடாது. கால் நழுவித் தரையில் பட்டால் வண்டியே அதன் மேல் ஏறி இழுத்துவிடும்.

உதிரிப் பாகத்திலும் ஒரு கண்ணி உண்டு. ‘20 அங்குலம்’ என்ற ஒரே பெயரில் 406, 451 (உள்விட்டம், மி.மீ.) என்று இரண்டு அளவு டயர்கள் விற்கிறார்கள். ஒன்று மற்றதில் ஏறாது. வழியில் கிடைக்கும் என்று நம்பாமல், டியூபோடு ஒரு மடிக்கும் டயரையும் கையோடு கொண்டுபோங்கள். செயினும் சாதாரண சைக்கிளுடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளம். அறுந்தால் கோக்க இரண்டு மூன்று இணைப்புக் கண்ணிகள் பையில் இருக்கட்டும்.

இரவில் பிரதிபலிக்கும் மேலாடை கட்டாயம். போட்டுக்கொண்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் முதுகுதான் சீட்டுக்குள் ஒளிந்திருக்கிறதே, பின்னால் வருகிறவருக்கு என்ன தெரியும்? சீட்டின் பின்புறத்திலோ பையிலோ பிரதிபலிக்கும் பட்டையை ஒட்டுங்கள். முன் விளக்கைப் பெடலுக்கும் முன்னால், குழாயின் நுனியில் வையுங்கள். இல்லையென்றால் இரவெல்லாம் உங்கள் காலின் நிழலே சாலையில் ஆடிக்கொண்டிருக்கும். அப்புறம், முகம் வானத்தைப் பார்த்திருப்பதால் மழை நேரே கண்ணாடியில் விழும், வெயில் தொடையின் மேற்புறத்தைச் சுடும். தொப்பியின் முன்விளிம்பும் வெயில் களிம்பும் மறக்க வேண்டாம்.

கடைசியாகத் தூக்கம். சாதாரண சைக்கிளில் கை, கழுத்து, பிட்டம் என்று ஏதோ ஒன்று வலித்து உங்களை விழித்திருக்க வைக்கும். இங்கே அந்த உபகாரம் கிடையாது. தலைக்குச் சாய்மானம் வேறு வைத்திருந்தால், மூன்றாம் இரவு விடிகாலை மூன்று மணிக்குக் கண் தானாக மூடும். பாட்டுப் பாடுவது, காபி எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். கண் ஒருமுறை சொக்கியதுமே இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி வண்டியைச் சாய்த்து, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் புல்லில் படுத்துவிடுங்கள். ஆகஸ்ட் மாதம்தான் என்றாலும் பிரெஸ்ட் இருக்கும் பிரித்தானிப் பகுதியின் இரவு நடுக்கிவிடும், ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படுங்கள்.