மலைல ஓடுற செடானுக்கு டயர் மாத்துறப்ப என்ன பாக்கணும்

குன்னூர்ல ஒரு டயர் கடைல போய் "அண்ணா, ஆல் சீசன் டயர் இருக்குங்களா"ன்னு கேட்டுப் பாருங்க, "இங்க அடுக்கியிருக்கறது எல்லாமே ஆல் சீசன்தானுங்க தம்பி, சீசனுக்கு ஒண்ணு மாத்த இது என்ன ஸ்வெட்டரா"ம்பாரு. அவரு சொல்றதுல பாதி நெசம். பனி கொட்டுற நாடுகள்ல வெயிலுக்கு ஒரு செட்டு, பனிக்கு ஒரு செட்டுன்னு வச்சு மாத்திக்குவாங்க, அந்தத் தொல்லை இல்லாம வருஷம் பூரா ஒரே செட்டு ஓடட்டும்னு செஞ்சதுதான் ஆல் சீசன், அதுலயே ஸ்டியரிங்க திருப்புனதும் வண்டி திரும்பணும், ஈரத்துல பிரேக் நச்சுனு பிடிக்கணும்னு கொஞ்சம் சேத்து செஞ்சா பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன். நம்ம கடைகள்ல செடான் டயர் பெரும்பாலும் இந்தப் பேரோட வர்றதில்ல, அதனால பேரைச் சொல்லிக் கேட்டு வாங்க முடியாது, டயரைப் புரட்டிப் பாத்துதான் எடுக்கணும்.

நமக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்டீங்கன்னா, கீழ இருக்கறவங்களுக்கு சீசன் மாசக்கணக்குல மாறும், நமக்கு ஒரே நாள்ல மாறும். ஜூன் ஜூலைல கூடலூர் பக்கம் விடாம ஊத்தும், அது நின்னு கொஞ்ச நாள்லயே ஐப்பசி கார்த்திகைல குன்னூர் கோத்தகிரிக்கு அடுத்த மழை வந்துரும், டிசம்பர் ஜனவரில ஊட்டில காலைல எழுந்து பாத்தா கார் கண்ணாடி மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கெடக்கும். அதே கார எடுத்துக்கிட்டு பர்லியார் வழியா இறங்குனா ரெண்டு மணி நேரத்துல மேட்டுப்பாளையம் வெயில்ல நிக்கிறோம். ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2240 மீட்டர், மேட்டுப்பாளையம் முன்னூத்திச் சொச்சம்தான். சாதாரண வெயில் ஊர் டயரோட ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழ போனா இறுக ஆரம்பிச்சிரும், ரோட்டைப் பிடிக்காது. அதுக்காக பனி டயர் வாங்குனா கோயம்புத்தூர் ரோட்டுல ஒரு வெயில்ல கரைஞ்சு போயிரும், நமக்கு பனிமழை கொட்றதும் இல்ல. அதனால டயர் ஓரத்துல எம் பிளஸ் எஸ்னு எழுத்து இருந்தா நல்லது, இல்லைன்னாலும் குடி முழுகிடாது, ஏன்னா அது பட்டன் (ரோட்டுல படுற பக்கம் வெட்டியிருக்கற கட்டிங்க) வெட்டுன விதத்தை வச்சு கம்பெனியே போட்டுக்கற முத்திரை, யாரும் ஓட்டிப் பாத்து சோதிச்சுத் தர்றதில்ல. மூணு மலைச் சிகரம், அதுக்குள்ள ஒரு பனிப்பூ போட்ட படம் இருக்கே, அதுதான் சோதனைல பாஸானாத்தான் கிடைக்கும், ஆனா நமக்கு அது தேவைப்படாது.

இப்ப என் கதைக்கு வரேன். என்கிட்ட இருந்த டயர்ல பட்டன் தாராளமா இருந்துச்சு, ஆழம் 4 மில்லிமீட்டர் தேறும், சட்டப்படி 1.6 மில்லி வரைக்கும் ஓட்டலாம், அதனால நான் அதைப் பத்தி நினைச்சதே இல்ல. ஒரு நவம்பர் சாயங்காலம் மழைத் தூத்தல், குன்னூர் ரோட்டுல மலை இறங்கிட்டிருக்கேன், மரப்பாலம்ங்கற இடம் தாண்டி ஒரு வளைவு, முன்னாடி ஒரு மினி லாரி திடீர்னு நின்னான், நானும் பிரேக்க மிதிச்சேன், முன்னாடி நின்னுச்சு, பின்னாடி மட்டும் மெதுவா பள்ளத்துப் பக்கமா நகந்துச்சு பாருங்க, பின் சீட்டுல அம்மா "டேய்"னு ஒரே ஒரு சத்தம். 25, 30ல தான் வந்தேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா டயருக்கு ஏழு வயசு. மலை வண்டிங்களுக்கு இதுதான் வியாதி, கடைவீதிக்கும் ஸ்கூலுக்கும் போய் வர்றதுல வருஷத்துக்கு அஞ்சாறு ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும், பட்டன் தேயறதுக்கு முன்னாடி ரப்பர் கெழடாயிரும். கட்டை விரல் நகத்தால பட்டன அழுத்திப் பாருங்க, புது டயர் லேசா உள்ள வாங்கும், பழசு செருப்புக் கடைல தொங்குற கட்டை செருப்பு மாதிரி கல்லா இருக்கும். சைடுவால்ல, அதான் டயரோட பக்கச் சுவருல, மெல்லிசா வெடிப்பு கோடு தெரிஞ்சா யோசிக்கவே வேண்டாம். என் கணக்கு அஞ்சு வருஷம் ஆயிட்டா நல்லா சோதிச்சுப் பாக்கணும், மழை காலத்துல 3 மில்லிக்குக் கீழ போனா மாத்திரணும்.

வயசு எப்படிப் பாக்கறதுன்னா, சைடுவால்ல டி ஓ டின்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு எழுத்து வரிசை ஓடும், அதோட கடைசி நாலு நம்பர். 2324னு இருந்தா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. இந்த நாலு நம்பர் நிறைய டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், மாட்டுனப்புறம் அது உள்பக்கமா போயிட்டா கார் அடில படுத்துதான் பாக்கணும், அதனால ரிம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே நாலு டயரையும் உருட்டிப் பாத்துருங்க. எனக்கு ஒரு கடைல மூணு டயர் புதுசு, நாலாவது ரெண்டரை வருஷம் பழசு எடுத்து வச்சாங்க, கேட்டதுக்கு "பட்டன் புதுசுதானுங்களே"ன்னு ஒரு சிரிப்பு. நான் வேண்டாம்னுட்டு வந்துட்டேன். ஆறு மாசத்துக்குள்ள செஞ்சது கிடைச்சா எடுங்க, ஒரு வருஷம்னாலும் பரவால்ல, அதுக்கு மேல வேண்டாம்.

சைஸ் விஷயத்துல ரொம்ப புத்திசாலித்தனம் காட்டக் கூடாது. என் வண்டி மாருதி சியாஸ், 195/55 ஆர்16. 195ங்கறது அகலம் மில்லில, 55ங்கறது அந்த அகலத்துல சைடுவால் உயரம் எத்தனை சதவீதம்ங்கறது, 16 ரிம்மோட அங்குலம். இதே வண்டில கீழ் மாடலுக்கு 185/65 ஆர்15 வந்துச்சு, கணக்குப் போட்டா ரெண்டோட மொத்த விட்டமும் 621 மில்லி பக்கத்துல ஒண்ணுதான், 15 அங்குலத்துல ரப்பர் உசரம் கூட, அதனால கல்லு, குழி, வடிகால் விளிம்பு இதெல்லாம் கொஞ்சம் தாங்கும். பசங்க பெரும்பாலும் இன்னும் பெரிய ரிம் போட்டு அழகா இருக்குன்னு சொல்லிக்கிறாங்க, நம்ம ரோட்டுல ஒரு நாள் பாறை விளிம்புல தட்டுனா சைடுவால் வீங்கி நிக்கும், அதை ஒட்டு போட்டு ஓட்ட முடியாது, டயரே தூக்கிப் போடணும். இன்னொண்ணு, விட்டம் கூடுனா ரெண்டாவது கியர்ல ஹேர்பின் ஏறுறப்ப இழுவை கொறையும், கல்லட்டில 36 வளைவு ஏறுனவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஒரு சைஸ் மாத்துறதா இருந்தாலும் விட்டத்துல ரெண்டு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வராம பாத்துக்கோங்க.

சைஸுக்குப் பக்கத்துல 87வின்னு ஒண்ணு இருக்கும், 87 ஒரு டயர் தாங்குற எடை, 545 கிலோ, வி அது தாங்குற உச்ச வேகம், மணிக்கு 240 கிலோமீட்டர். பர்லியார்ல யாரும் 240ல போகப் போறதில்லதான், ஆனா வி டயரோட உடம்பு கொஞ்சம் கெட்டியா இருக்கும், வளைவுல சைடு வாங்காது. கம்பெனி கொடுத்ததுக்குக் கீழ மட்டும் இறங்காதீங்க, விலை கம்மின்னு 210 போற ஹெச் போட்டுவிடப் பாப்பாங்க.

சில டயர்ல டிரெட்வேர், டிராக்ஷன், டெம்பரேச்சர்னு மூணு கிரேடு குத்தியிருக்கும். டிரெட்வேர் நம்பர் பெருசா இருந்தா ரொம்ப நாள் ஓடும்னு அர்த்தம், அந்த நம்பரை அந்தந்தக் கம்பெனியே போட்டுக்கறதால ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி நம்பரோட ஒப்பிட முடியாது. டிராக்ஷன்ல டபுள் ஏ, ஏ, பி, சின்னு வரும், டபுள் ஏ இல்லைன்னா குறைஞ்சது ஏ எடுங்க. ஆனா இது ஈர ரோட்டுல நேரா போய் பிரேக் போட்டுப் பாத்த சோதனை, வளைவுல எப்படின்னு சொல்லாது. மைலேஜ் பேசுற டயருக்கும் ஈரத்துல பிடிக்கிற டயருக்கும் நடுவுல யோசிச்சீங்கன்னா மலைக்கு ரெண்டாவதைத்தான் எடுக்கணும், சீக்கிரம் தேஞ்சாலும் பரவால்ல, அதான் சொன்னேனே நமக்கு தேயறதுக்கு முன்னாடி வயசாயிரும். எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், மிஷலின், யோகோஹாமா, பிரிட்ஜ்ஸ்டோன்னு பல கம்பெனி இருக்கு, கம்பெனிய விட எந்த மாடல்ங்கறதுதான் முக்கியம்.

பட்டன் பாக்குறப்ப நடுவுல சுத்தி ஓடுற அகலமான கால்வாய் மூணு நாலு இருக்கணும், தண்ணி அது வழியாத்தான் வெளிய போகும், கட்டிக்குள்ள பிளேடால கீறுன மாதிரி மெல்லிசு வெட்டு நிறைய இருந்தா குளிர் ஈரத்துல பிடிமானம் நல்லா இருக்கும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி இருக்கற டயர்ல வெளிப்பக்கம்னு எழுதியிருக்கும், அதைத் திருப்பி மாட்டாம நின்னு பாருங்க. வெளி ஓரக் கட்டிங்க பெருசா கெட்டியா இருக்கறது நமக்கு வசதி, மலைல முன் டயர் வெளி ஓரம்தான் முதல்ல தேயும். நீங்க கூட இப்ப எழுந்து போய் பாருங்களேன், நடுவுல பட்டன் இருக்கும், ஓரம் வழவழன்னு இருக்கும்.

நாலும் மாத்த காசு இல்ல, ரெண்டு மட்டும்னா? இங்கதான் சண்டை வரும். கடைல கண்டிப்பா "இஞ்சின் முன்னாடி, இழுக்கறது முன்னாடி, புதுச முன்னாடி போடுங்க"ம்பாங்க, ஏத்தத்துல ஈர ஹேர்பின்ல முன் டயர் ஒண்ணு சுத்திக்கிட்டு நிக்கும், அந்த அனுபவத்துல அவங்க சொல்றாங்க, தப்பில்ல. ஆனா இறங்கறப்ப கதை வேற. பிரேக் போட்டதும் வண்டியோட எடை பூரா முன்னாடி சாயும், பின் டயர் மேல எடையே இருக்காது, அந்த நேரத்துல பின்னாடி பழசா இருந்தா பின்பக்கம்தான் முதல்ல விடும், எனக்கு மரப்பாலத்துல ஆனது அதுதான். முன் டயர் வழுக்குனா வண்டி திரும்பாம நேரா போகப் பாக்கும், பிரேக்க விட்டு மெதுவா சரி பண்ணலாம், பின்னாடி வழுக்குனா வண்டி சுத்திரும், வீட்டு வண்டி ஓட்டுற நம்மளால அதைப் பிடிக்க முடியாது. அதனால புதுசு ரெண்டும் பின்னாடி. மெக்கானிக் முகம் சுளிச்சாலும் பின்னாடிதான்.

காத்து பத்தி ஒரு வேடிக்கை. மேட்டுப்பாளையத்துல 35 டிகிரி வெயில்ல 32 வச்சுட்டு ஊட்டி வந்து 15 டிகிரில பாத்தா அதே 32 பக்கத்துலதான் காட்டும், குளிர்ல 3 பாயிண்ட் எறங்கும், மேல வெளிக்காத்து அழுத்தம் கம்மிங்கறதால 3 பாயிண்ட் ஏறும், ரெண்டும் அடிச்சுக்கிட்டுப் போயிரும். ஆனா உறைபனி காலைல 2 டிகிரில பாத்தா குறைஞ்சுதான் காட்டும், ஆக காத்து எங்க ஓட்டுறீங்களோ அங்க, காலைல வண்டி நகராம இருக்கறப்ப பாருங்க. எவ்வளவுன்னு டிரைவர் கதவைத் திறந்தா உள்ள ஸ்டிக்கர்ல இருக்கும். இறங்கி வந்து பிரேக் சூடா இருக்கறப்ப பெட்ரோல் பங்குல கூடுதலா காட்டுதுன்னு காத்த எறக்கி விடாதீங்க.

மாட்டுற அன்னைக்கு பேலன்சிங், அலைன்மென்ட் ரெண்டும் பண்ணிருங்க, டயர் வால்வும் புதுசு போடச் சொல்லுங்க, பில்லுல மாடல் பேரோட செஞ்ச தேதி நாலு நம்பரையும் எழுதி வாங்குங்க. பழைய டயருக்கு எவ்வளவு குறைப்பீங்கன்னு கேக்க வெக்கப்படாதீங்க. புது ரப்பர் மேல வார்ப்புல இருந்து வர்ற வழுவழுப்பு முதல் 200, 300 கிலோமீட்டருக்கு இருக்கும், அதனால டயர் மாட்டிக்கிட்டு நேரா மழைல மலை இறங்காதீங்க. 100 கிலோமீட்டர் ஓடுனதும் வீல் நட்டு ஒருக்கா இறுக்கிப் பாத்துருங்க, அப்படியே டிக்கியத் தொறந்து ஸ்டெப்னியோட வயசையும் பாருங்க, என்னோடது வண்டி வாங்குனப்ப போட்டதுதான், காத்து 11 இருந்துச்சு.